பாறைக்கரைச் செம்பாசிகளில் உருவமும் மரபும்: வட அட்லாண்டிக் கடற்கரைச் சான்றுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பாறைக்கரைகளில் வளரும் செம்பாசிகளை உருவத்தை மட்டும் கொண்டு இனங்காண்பது எளிதன்று. ஒரே சிற்றினம் ஒளி, அலை, ஓதம் ஆகியவற்றுக்கேற்பப் பல தோற்றங்களைக் கொள்கிறது. ஒரே தாவரத்தின் இரு தலைமுறைகள் இரு வேறு பேரினங்களாகப் பெயரிடப்பட்டதும் உண்டு; ஒன்றெனக் கருதப்பட்ட சிற்றினம் பலவாகப் பிரிந்ததும் உண்டு. வட அட்லாண்டிக் கரைகளில் வளரும் கோண்ட்ரஸ் கிரிஸ்பஸ், மாஸ்டோகார்பஸ் ஸ்டெல்லாட்டஸ் ஆகிய இரண்டையும் மையமாகக் கொண்டு, உருவ வேறுபாட்டுக்கும் மரபணு வேறுபாட்டுக்கும் உள்ள உறவை இக்கட்டுரை விளக்குகிறது. பாதுகாப்பு குறித்த முடிவுகளில் கண்ணுக்குப் புலப்படும் வேறுபாட்டைக் காட்டிலும் புலப்படாத வேறுபாடே பெரிதும் கருதத்தக்கது என்பது இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: செம்பாசி, பாறைக்கரை, கோண்ட்ரஸ், மாஸ்டோகார்பஸ், புறத்தோற்ற நெகிழ்வு, மறைசிற்றினம், மரபணுப் பன்மை

முன்னுரை

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கடல் நன்கு வற்றிய வேளையில் பாறைகளிலிருந்து ஒருவகைப் பாசியைப் பறித்துக் கழுவி, புல்வெளியில் பரப்பி வெளுக்கவிட்டு உலர்த்தும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அதைப் பாலில் இட்டுக் காய்ச்சினால் பால் கட்டியாக உறையும். இருமலுக்கும் அது மருந்தாகும். 'கேரகீன்' என்னும் அதன் பெயர், ஐரிஷ் மொழியில் 'சிறு பாறை' எனப் பொருள்படும் சொல்லோடு தொடர்புடையது. இன்று பனிக்கூழ் முதல் பற்பசை வரை பல பொருள்களில் கெட்டிப்படுத்தியாகச் சேர்க்கப்படும் கேரஜீனனுக்கும் அப்பெயரே மூலமாயிற்று.

கேரகீன் பறிப்பவரின் மூட்டையில் இருப்பது ஒரே தாவரம் அன்று. கோண்ட்ரஸ் கிரிஸ்பஸ், மாஸ்டோகார்பஸ் ஸ்டெல்லாட்டஸ் என்னும் இரண்டும் அதில் கலந்திருக்கும். இரண்டும் கைவிரல் நீளமே கொண்டவை, இரண்டும் விசிறிபோல் இரண்டிரண்டாகக் கிளைப்பவை, செம்பழுப்பு நிறத்தவை. சமையலறைக்கு இவ்வேறுபாடு பொருட்டன்று. தாவரவியலிலோ இவை வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. கூர்ந்து நோக்கினால் கோண்ட்ரஸின் கிளை தட்டையாக இருப்பதும், மாஸ்டோகார்பஸின் கிளையோரம் உட்சுருண்டு சிறு வாய்க்கால் போல் அமைவதும், முதிர்ந்த மாஸ்டோகார்பஸின் மேற்பரப்பில் தினையளவு முகிழ்ப்புகள் தோன்றுவதும் தெரியவரும். முகிழ்ப்பு இல்லாத இளந்தாவரம் கையில் கிடைத்தால் பழகிய கண்ணும் தடுமாறும்.

இவ்வாறு ஒத்த தோற்றமுடைய இவ்விரு பாசிகளின் வாழ்க்கை ஒன்றுக்கொன்று பெரிதும் வேறானது. அவ்வேறுபாட்டைத் தொடர்ந்து சென்றால், உருவம் எதுவரை உறவுக்குச் சான்றாகும் என்னும் வினா எழுகிறது. பெயரிடும் புலமைக்கு மட்டும் உரிய வினா அன்று இது. எதைப் பறிக்கலாம், எதைக் காக்க வேண்டும், ஓரிடத்தில் அழிந்தது வேறோரிடத்திலிருந்து மீண்டு வருமா என்பன யாவும் இதைச் சார்ந்தே விடை பெறுகின்றன.

பாறைக்கரையும் செம்பாசியும்

பாறைக்கரையில் இடம் என்பது உயரத்தால் அமைவது. மேல்மட்டத்தில் ஒட்டியுள்ள பாசி நாள்தோறும் பல மணி நேரம் நீரை இழந்து நிற்கிறது. வெயிலில் அது காய்கிறது; மழையில் நன்னீரால் நனைகிறது; வடக்குக் கரைகளில் மாரிக்காலத்தில் பனியாய் உறைகிறது. அதற்குச் சில மீட்டர் கீழே உள்ள பாசியோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருவற்றத்தின்போது மட்டுமே காற்றைக் காண்கிறது. அலை நேராக வந்து மோதும் முகப்பும், பாறைப் பின்புறத்து ஒதுக்கிடமும், நீர் தேங்கும் பாறைக்குழிகளும் அடுத்தடுத்தே அமைந்திருக்கும். ஆகவே ஒருவர் நடந்து கடக்கும் தொலைவுக்குள்ளேயே ஒரு பாசி பல சூழல்களை எதிர்கொள்ள நேர்கிறது.

செம்பாசிகளின் நிறத்துக்குக் காரணம் ஃபைக்கோஎரித்ரின் என்னும் நிறமிப் புரதம். நீரினுள் ஊடுருவி வரும் பச்சை ஒளியைக் கவர்ந்து ஒளிச்சேர்க்கைக்கு அளிப்பது அதன் பணி. செம்பாசி எப்போதும் சிவப்பாகவே இருக்கும் என்று கொள்ளுதல் தவறு. வெயில் மிகுந்து நைட்ரஜன் குறையும் கோடையில் பாசி இப்புரதத்தைச் சிதைத்து, அதிலுள்ள நைட்ரஜனைப் பிற தேவைகளுக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. அவ்வேளையில் அடியிலுள்ள பச்சையம் வெளித்தெரிவதால், மேல்மட்டக் கோண்ட்ரஸ் மஞ்சள் கலந்த பச்சையாகக் காட்சியளிக்கும். அதே கரையின் கீழ்மட்டத்தில் அது கருஞ்சிவப்பாக இருக்கும்.

இன்று அறியப்பட்ட செம்பாசிச் சிற்றினங்கள் 7,000-க்கும் மேற்பட்டவை. இவற்றின் தொன்மையும் வியப்புக்குரியது. ஆர்க்டிக் கனடாவில் கிடைத்த பாங்கியோமார்பா என்னும் புதைபடிவம் ஏறத்தாழ 105 கோடி ஆண்டுகள் பழமையானது. இன்றும் பாறைக்கரையின் மேல்மட்டத்தில் மயிரிழைபோல் ஒட்டி வளரும் பாங்கியாவை அது ஒத்திருக்கிறது. இந்நெடிய வரலாற்றில் செம்பாசிகள் இழந்த ஓர் உறுப்பு இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இன்றியமையாதது. நீந்துவதற்குரிய கசையிழை இவற்றின் எந்த நிலையிலும், எந்தச் செல்லிலும் இல்லை.

ஒரே சிற்றினம், பல தோற்றம்

கோண்ட்ரஸ் கிரிஸ்பஸ் 1797-இல் ஸ்டாக்ஹவுஸால் இப்பெயர் பெற்றது. அதன் பின் வந்தோர் அகன்ற கிளையுடையது, குறுகிய கிளையுடையது, சுருண்டது, நீண்டது என அதன் தோற்றங்களுக்கெல்லாம் தனித்தனி வடிவப் பெயர்களைச் சூட்டினர். சூழலுக்கேற்ப ஒரே மரபு பல தோற்றங்களை மேற்கொள்ளும் இயல்பு 'புறத்தோற்ற நெகிழ்வு' எனப்படும். வேரூன்றி நிற்பதால் இடம்பெயர இயலாத உயிரிக்கு இது ஒரு வாழ்வுத் திறன். இதன் எல்லையைக் காட்டும் எடுத்துக்காட்டு கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உள்ளது. அங்கு நிலத்தொட்டிகளில் வளர்க்கப்படும் கோண்ட்ரஸ், நிறமிகளைக் கட்டுப்படுத்தும் முறையால் இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என மூன்று நிறங்களில் ஆக்கப்பட்டு, ஜப்பானியச் சந்தைக்கு உணவாக அனுப்பப்படுகிறது. மூன்றும் ஒரே சிற்றினம் என்பதைத் தட்டில் காண்பவர் எளிதில் நம்பார்.

நிறமும் அகலமும் இவ்வாறு ஏமாற்ற, மற்றொரு வேறுபாடு கண்ணுக்கே தெரியாமல் நிற்கிறது. கோண்ட்ரஸின் வாழ்க்கைச் சுழற்சியில் இரு தனித் தலைமுறைகள் மாறிமாறி வருகின்றன. ஒன்று, ஒற்றை மடிக் குரோமோசோம் கொண்ட கேமீட்டோபைட்; இதில் ஆண், பெண் என இரு பாலினங்கள் உண்டு. மற்றொன்று, இரட்டை மடிக் குரோமோசோம் கொண்ட டெட்ராஸ்போரோபைட். இவற்றுக்கிடையே, கருவுற்ற பெண் தாவரத்தின் மேலேயே ஒட்டி வளர்ந்து கார்போஸ்போர்களை வெளியிடும் சிறு இடைநிலையும் உண்டு. தனித் தலைமுறைகள் இரண்டும் ஒரே பாறையில் அருகருகே வளரும். இனப்பெருக்க உறுப்புகள் தோன்றாதவரை வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

இவ்விரு தலைமுறைகளின் செல்சுவர் வேதியியல் வேறு என்பதை மெக்கேண்ட்லெஸ், கிரேகி, வால்டர் ஆகியோர் 1973-இல் காட்டினர். கேமீட்டோபைட்டில் உள்ளது கப்பா வகைக் கேரஜீனன். அது கட்டியாக உறையும். டெட்ராஸ்போரோபைட்டில் உள்ளது லாம்டா வகை. அது கெட்டிப்படுமேயன்றி உறையாது. அயர்லாந்துச் சமையலறையில் பாலை உறையச் செய்த பெருமை பெரும்பாலும் ஒற்றைமடியத் தலைமுறைக்கே உரியது எனலாம்.

இவ்வேறுபாடு சமையலறையோடு நிற்கவில்லை. அக்ரோகீட் ஆபர்குலேட்டா என்னும் நுண்ணிய பசும்பாசி கோண்ட்ரஸின் திசுக்களுக்குள் புகுந்து நோய் விளைவிக்கிறது. டெட்ராஸ்போரோபைட்டில் அது உட்புறம் முழுதும் பரவிச் சிதைவை உண்டாக்குகிறது. கேமீட்டோபைட்டிலோ மேற்புறத்தோடு தடைபடுகிறது. லாம்டா கேரஜீனன் நோய்ப்பாசியின் தாக்கும் திறனை வளர்க்கிறது என்பதும், கப்பா அதைத் தணிக்கிறது என்பதும் பின்வந்த ஆய்வுகளில் வெளிப்பட்டன. ஒரே சிற்றினம், ஒரே தோற்றம், ஒரே பாறை. எனினும் ஒன்று நோயுறுகிறது, மற்றொன்று தப்புகிறது.

பல கரைகளில் கேமீட்டோபைட்டுகளே எண்ணிக்கையில் மிகுந்து காணப்படுகின்றன. அவற்றைப் பிரித்தறியக் களத்தில் ஒரு துணையும் உண்டு. நீருக்குள் இருக்கும்போது கேமீட்டோபைட்டின் கிளைநுனி நீலமாக ஒளிரும். இது நிறமியால் வருவதன்று; மேற்தோலின் மெல்லிய அடுக்குகள் ஒளியைச் சிதறச் செய்வதால் வருவது. பாசியை நீரிலிருந்து எடுத்து உலரவிட்டால் அந்நீலம் மறைந்துவிடும். உலர்பதனத் தாள்களை மட்டும் நம்பிய பழைய வகைப்பாட்டியல் இத்தகைய அடையாளங்களை இழந்ததில் வியப்பில்லை.

நெகிழ்வு என்று சொல்லி எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது என்பதற்குக் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவிலுள்ள பேசின் ஹெட் கடற்கழி சான்று. அங்குக் காணப்படும் கோண்ட்ரஸ் பாறையில் ஒட்டுவதில்லை. அதற்குப் பற்றுறுப்பே இல்லை. பிற இடத்துக் கோண்ட்ரஸைவிடப் பன்மடங்கு பெரிதாக வளரும் இது, நீலச் சிப்பிகளின் பற்றிழைகளால் கட்டுண்டு கழியின் தரையில் கிடக்கிறது. துண்டுகளாக முறிந்தே பெருகுகிறது. வேறெங்கும் காணப்படாத இவ்வடிவத்தைக் காப்பதை முதன்மை நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டு அக்கழி 2005-இல் கடற்காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய பச்சை நண்டு சிப்பிகளைத் தின்றுவிட, பிடிமானம் இழந்த பாசிப்படுகை பெரும்பகுதி அழிந்தது. வெளிக்கரைப் பாறைகளில் சாதாரணக் கோண்ட்ரஸ் நிறைந்திருந்தும் அது இவ்விழப்பை ஈடுசெய்யவில்லை. எஞ்சிய துண்டுகளைச் சிப்பிக் கொத்துகளோடு மீண்டும் கழியில் இடும் முயற்சியே மேற்கொள்ளப்பட்டது. சிற்றினப் பட்டியலை மட்டும் கொண்டு பார்த்தால் அங்கு எதுவும் அருகவில்லை. கோண்ட்ரஸ் கிரிஸ்பஸ் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் மிகுதியாக உள்ளது.

ஒரே வாழ்க்கை, இரண்டு பெயர்

மாஸ்டோகார்பஸின் கதை இதற்கு நேர்மாறானது. பாறைகளின் மேல் கருஞ்சிவப்பாகத் தார் கொட்டிப் படர்ந்தாற்போல் ஒட்டியிருக்கும் பொருக்கு ஒன்று பெட்ரோசெலிஸ் குருயென்டா என்னும் பெயரில் தனிப் பேரினமாகவே கொள்ளப்பட்டிருந்தது. அதற்கும் கிளைத்து நிமிர்ந்து நிற்கும் மாஸ்டோகார்பஸுக்கும் உருவத்தில் எவ்வித ஒற்றுமையும் இல்லை. பொருக்கின் ஸ்போர்களை வளர்த்தபோது நிமிர்ந்த தாவரம் தோன்றியது. நிமிர்ந்த பெண் தாவரத்தின் ஸ்போர்களை வளர்த்தபோது பொருக்குத் தோன்றியது. பசிபிக் கரைச் சிற்றினங்களில் ஜான் வெஸ்ட் 1970-களில் நிகழ்த்திய வளர்ப்பாய்வுகளும், அட்லாண்டிக் சிற்றினத்தில் கைரியும் வெஸ்டும் 1983-இல் வெளியிட்ட கலப்பாய்வும் இவ்வுறவை உறுதிப்படுத்தின. பெட்ரோசெலிஸ் என்பது மாஸ்டோகார்பஸின் இரட்டைமடியத் தலைமுறையே.

இதைப் பழைய அறிஞர்களின் பிழை என்று சொல்வது நியாயமாகாது. அவர்கள் கண்டதை உள்ளவாறே விவரித்தனர். ஓர் உயிரி இவ்வாறு இரு உடல்களில் வாழும் என்பதற்கான குறிப்பு அவ்வுடல்களில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. இரண்டு உடல்களுக்கும் இருவேறு பயன்களும் உண்டு. நிமிர்ந்த கிளை விரைந்து வளரும், அலையால் கிழிபடும், நத்தைகளால் மேயப்படும். பொருக்கோ மிக மெதுவாக வளர்ந்து பல பத்தாண்டுகள் பாறையில் நிலைத்திருக்கும்.

கைரியும் வெஸ்டும் கண்ட மற்றொன்று மரபியல் நோக்கில் இன்னும் முக்கியமானது. சில இடத்து மாஸ்டோகார்பஸ் தாவரங்கள் பொருக்கு நிலைக்குச் செல்வதே இல்லை. அவற்றின் ஸ்போர்கள் கருவுறுதல் இன்றியே உருவாகி, மீண்டும் நிமிர்ந்த பெண் தாவரங்களையே தருகின்றன. பாலினச் சுழற்சி தெற்கில் மிகுந்தும், இந்நேரடி வகை வடக்கில் மேலோங்கியும் காணப்படுகின்றன. பிரிட்டன், அயர்லாந்துக் கரைகளில் இரண்டும் உள்ளன. பார்வைக்கு இரு வகைகளும் ஒன்றே. தெற்குக் கரையில் ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுக்கள் கலந்து புதிய சேர்க்கைகள் பிறக்கின்றன. வடக்கில் தாயின் படியே மீளமீள எழுதப்படுகிறது.

குளிரைத் தாங்குவதிலும் மாஸ்டோகார்பஸுக்கும் கோண்ட்ரஸுக்கும் உள்ள வேற்றுமையை உருவம் சொல்வதில்லை. அமெரிக்காவின் மெய்ன் கரையில் டஜனும் அவர்தம் குழுவினரும் 1980-களின் இறுதியில் ஆய்வுகள் மேற்கொண்டனர். நாள்தோறும் உறையவைத்து மீட்கப்பட்ட கோண்ட்ரஸ் வெளுத்துத் துண்டுபட்டது. மாஸ்டோகார்பஸ் பெரிதும் பாதிப்பின்றி ஒளிச்சேர்க்கையைத் தொடர்ந்தது. அக்கரையில் மாஸ்டோகார்பஸ் மேல்மட்டத்திலும் கோண்ட்ரஸ் அதன் கீழும் வளர்வதற்கு இது ஒரு காரணம்.

ஒரே வாழ்க்கைக்கு இரு பெயர் அமைந்த செய்திகளுள் புகழ்பெற்றது போர்ஃபைராவினுடையது. சிப்பி ஓடுகளைத் துளைத்து வாழும் இளஞ்சிவப்பு நூலிழைப் பாசியைப் பேட்டர்ஸ் 1892-இல் காங்கோசெலிஸ் ரோசியா என்று பெயரிட்டு விவரித்தார். அது பாறைக்கரையில் மெல்லிய தாள்போல் விரியும் போர்ஃபைரா அம்பிலிகாலிஸின் மற்றொரு நிலையே என்பதை மான்செஸ்டரில் பணியாற்றிய கேத்லீன் ட்ரூ பேக்கர் 1949-இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தார். ஜப்பானில் நோரி விளைச்சல் நலிந்திருந்த காலம் அது. நோரியின் விதை எங்கிருந்து வருகிறது என்பதை அறியாமல் கடலையே நம்பியிருந்த வளர்ப்போர்க்கு, ஓடுகளில் நூலிழை நிலையை வளர்த்து விதைக்கும் முறை இதனால் கைவந்தது. நன்றிக்கடனாகக் குமாமோட்டோ மாவட்டத்து உத்தோ நகரில் 1963-இல் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. அவர் ஜப்பானுக்குச் சென்றதே இல்லை.

இவ்வரிசையில் பாமரியா பாமட்டாவும் இடம்பெறத் தகும். கையளவு அகன்ற செந்நிற இலைபோல் வளரும் இப்பாசியில் ஆணும் டெட்ராஸ்போரோபைட்டும் மட்டுமே நெடுங்காலம் அறியப்பட்டிருந்தன. பெண் தாவரத்தை எவரும் கண்டதில்லை. வான் டெர் மீரும் டாடும் 1980-இல் அதை வளர்ப்புக் கலத்தில் கண்டறிந்தனர். பெண், நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் சிறு வட்டு. முளைத்த சில நாட்களிலேயே அது முதிர்ந்துவிடும். தன் தலைமுறை ஆண்கள் முதிர மாதங்கள் ஆகும் என்பதால், முந்தைய தலைமுறை ஆண்களாலேயே அது கருவுறுகிறது. பின்னர் அதன் மேலேயே டெட்ராஸ்போரோபைட் வளர்ந்து அதை மூடிவிடுகிறது.

ஒரே தோற்றம், பல சிற்றினம்

வளர்ப்புக் கலம் பெயர்களைக் குறைத்தது, டி.என்.ஏ. அவற்றை மீண்டும் பெருக்கியது. நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்தின் கேரி சாண்டர்ஸ், மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள காக்ஸ்-1 மரபணுவின் ஒரு பகுதியைச் செம்பாசிகளை இனங்காணும் அடையாளமாகப் பயன்படுத்தலாம் என்று 2005-இல் காட்டினார். கணிகத்திலுள்ள ஆர்.பி.சி.எல். மரபணுவும் இதற்குத் துணைநின்றது. உருவத்தால் பிரிக்க இயலாதவாறு ஒத்திருந்தும் மரபால் தனித்தனியே நிற்கும் இத்தகைய சிற்றினங்களை மறைசிற்றினங்கள் என்பர்.

வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் மாஸ்டோகார்பஸ் பாப்பிலேட்டஸ் என்ற ஒரே பெயரால் வழங்கியவை பல சிற்றினங்கள் எனச் சாண்ட்ரா லிண்ட்ஸ்ட்ராமும் உடன் ஆய்வோரும் 2011-இல் நிறுவினர். அவற்றுள் சில ஒரே கரையில் வெவ்வேறு மட்டங்களில் வாழ்பவை. பிரிட்டன் கரையில் போர்ஃபைரா பர்பியூரியாவோடு சேர்த்து எண்ணப்பட்ட ஒன்றை, பால் பகுப்பு வேறாக இருந்ததால், பிராடியும் இர்வினும் 1997-இல் போர்ஃபைரா டயோய்க்கா எனப் பிரித்தனர். சுண்ணாம்பேறிய கோரலைனா அஃபிசினாலிஸ் பாறைக்குழிகளில் அடர்ந்து குட்டையாக வளரும்போது, சூழலால் குறுகிய வடிவம் என்றே அது கருதப்பட்டது. 2009-இல் அக்குட்டை வடிவங்களுள் ஒன்று கோரலைனா சீஸ்பிட்டோசா என்னும் தனிச் சிற்றினமாயிற்று. பேசின் ஹெட் பாசியோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கு உருவம் மலைக்கும் மடுவுக்குமாய் வேறுபட்டும் சிற்றினம் ஒன்று. இங்கு வேறுபாடு ஒரு சிறு குட்டையுருவே, சிற்றினமோ இரண்டு.

பெயர்கள் இவ்வாறு மாறுவது வாசகர்க்கும் பயன்படுத்துவோர்க்கும் தொல்லை தருவது உண்மை. உணவு நோரியே போர்ஃபைரா, பைரோபியா, நியோபைரோபியா என மூன்று பேரினப் பெயர்களைக் கடந்திருக்கிறது. ஆயினும் பெயர் மாற்றத்தைப் புலவர் விளையாட்டாகத் தள்ளிவிடுதல் பொருந்தாது. இரு சிற்றினங்களை ஒன்றாக எண்ணினால் அவற்றின் குளிர் தாங்கும் திறன், இனப்பெருக்கக் காலம், பரவும் எல்லை ஆகிய யாவும் ஒரு பொய்யான சராசரியாகக் கணக்கில் வந்துவிடும்.

நீந்தாத கேமீட்டும் நெருங்கிய உறவும்

கசையிழை இன்மை செம்பாசிகளின் மரபணுப் பரவலை வெகுவாக நிர்ணயிக்கிறது. பழுப்புப் பாசிகளின் ஆண் கேமீட்டுகள் நீந்திச் சென்று முட்டையை அடைவன. செம்பாசியின் ஆண் கேமீட்டு நீரோட்டம் கொண்டு சேர்க்கும் இடத்தையே சேர இயலும். கருவுறுதல் இவ்வளவு தற்செயலானதாக இருந்தால், ஒவ்வொரு கருவுறுதலிலிருந்தும் பல்லாயிரம் ஸ்போர்களைப் பெறும் ஏற்பாடு பயன்மிக்கது. முன்னர்க் கூறிய கார்போஸ்போர் இடைநிலை அதற்காகவே தோன்றியது என்பது அறிஞர் பலர் முன்வைக்கும் விளக்கம்.

ஆயினும் ஆண் கேமீட்டுகளை முற்றிலும் திறனற்றவையாகக் கொண்ட பழைய எண்ணம் திருத்தம் பெற்றுவருகிறது. வட பிரான்சின் பாறைக்குழிகளில் வளரும் கிராசிலேரியா கிராசிலிஸில், எங்கெலும் குழுவினரும் மைக்ரோசாட்டிலைட் குறியீடுகளைக் கொண்டு தந்தைமையைக் கண்டறிந்து 1999-இல் வெளியிட்டனர். கேமீட்டுகள் தொலைவு செல்வதில்லை எனினும், கருவுறுதல் எதிர்பார்த்ததைக் காட்டிலும் திறம்பட நிகழ்ந்ததை அவ்வாய்வு காட்டியது. அதன் காரணங்களுள் ஒன்று 2022-இல் வெளிப்பட்டது. ரோஸ்காஃப் கடலாய்வு நிலையத்தைச் சார்ந்த லாவோ, வலேரோ முதலியோர் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, ஐடோட்டியா பால்திகா என்னும் சிறு ஓட்டுடலி, பாசிக்குப் பாசி ஊர்ந்து செல்கையில் ஆண் கேமீட்டுகளைத் தன் உடலில் ஒட்டவைத்துப் பெண் தாவரத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. அவ்வுயிரி இருந்த தொட்டிகளில் கருவுறுதல் ஏறத்தாழ 20 மடங்கு மிகுந்தது. நிலத்தில் வண்டு பூவுக்குச் செய்யும் பணியைக் கடலில் இது செய்கிறது. பூக்கும் தாவரங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பிருந்தே வாழ்ந்துவரும் ஒரு குலத்தில் இவ்வுறவு காணப்படுவது எண்ணிப்பார்க்கத்தக்கது.

கோண்ட்ரஸில் நிலைமை வேறு. ரோஸ்காஃப் அருகே க்ரூகர்-ஹாட்ஃபீல்டும் உடன் ஆய்வோரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, அங்கு நெருங்கிய உறவுடைய கேமீட்டோபைட்டுகளுக்கு இடையிலேயே கருவுறுதல் மிகுதியாக நிகழ்வதையும், ஒரே கரைக்குள் குறுகிய தொலைவிலேயே மரபணு அமைப்பு வேறுபடுவதையும் காட்டியது. அதே ஆண்டில் அச்சிற்றினத்தின் முழு மரபணுத்தொகுதியும் வெளியாயிற்று. ஏறத்தாழ 10.5 கோடி கார இணைகளும் 9,606 மரபணுக்களும் கொண்ட அது, பலசெல் உயிரி ஒன்றுக்கு மிகச் சிக்கனமானது. இவ்வளவு சிறிய மூலதனத்திலிருந்தே நிறங்களும் கிளையகலங்களும் தலைமுறைகளும் விரிந்துள்ளன.

தெற்கு எல்லை

மரபணு வேறுபாடு ஒரு சிற்றினத்தின் பரப்பெங்கும் சமமாகப் பரவியிருப்பதில்லை. பனியூழியில் வட ஐரோப்பியக் கரைகள் பனியால் மூடப்பட்டபோது பாசிகள் தெற்கே ஒதுங்கிய இடங்களில் மட்டும் தப்பிப் பிழைத்தன. பனி விலகிய பின் அவற்றின் வழித்தோன்றல்களே வடக்கை நிரப்பின. ஆகவே வடக்கில் பாசி மிகுதி, ஆனால் மரபு பெரும்பாலும் ஓரிரு ஊற்றுகளிலிருந்து வந்தது. ஐபீரியக் கரையில் உள்ள கோண்ட்ரஸ் கூட்டங்கள் பிற எங்கும் இல்லாத தனித்த மரபணு வேறுபாடுகளைக் கொண்டிருப்பதை ஜிம் புரோவனும் கிறிஸ்டின் மேக்ஸும் 2012-இல் எடுத்துக்காட்டினர். கடல் வெப்பமாவதால் அத்தென்னெல்லை வடக்கு நோக்கிப் பின்வாங்கி வருவதையும் அவர்கள் சுட்டினர்.

இவ்விழப்பைக் கண்ணால் காண இயலாது. போர்ச்சுகல் கரையில் ஒரு பாறை வெறுமையாகும்போது, அயர்லாந்திலும் பிரிட்டனியிலும் அதே பாசி செழித்து நிற்கும். பறிப்பவர் கணக்கிலும் சிற்றினப் பட்டியலிலும் குறைவு தோன்றாது. வெப்பமான கடலைத் தாங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த மரபே முதலில் அழிகிறது என்பதுதான் இதிலுள்ள இடர்.

வளர்ப்புப் பாசிகளில் இத்தகைய சுருக்கம் மனிதரால் நேர்ந்திருக்கிறது. சிலி நாட்டில் கிராசிலேரியா சிலென்சிஸ் துண்டு நறுக்கி நடும் முறையில் பெருக்கப்பட்டதால், பண்ணைகளில் இரட்டைமடியத் தாவரங்களே மேலோங்கி, பாலினப் பெருக்கம் அருகிப்போனதைக் கியெமானும் குழுவினரும் 2008-இல் பதிவு செய்தனர். மண்டபம் பகுதியில் மூங்கில் தெப்பங்களில் வளர்க்கப்படும் கப்பாஃபைகஸும் துண்டுகளால் பெருக்கப்படுவதே. உலகெங்கும் வளர்க்கப்படும் கப்பாஃபைகஸ் மிகச் சில மரபு வழிகளைச் சார்ந்தது என்பதை மைட்டோகாண்ட்ரியா ஆய்வுகள் காட்டியுள்ளன.

மன்னார் வளைகுடாவின் இயற்கைப் பாசிகளுக்கும் இப்பார்வை பொருந்தும். பாம்பனை அடுத்த ஊர்களின் பெண்கள் மூச்சடக்கிக் கடலுள் மூழ்கி, பவளப்பாறைகளிலிருந்து கையால் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசி ஜெலிடியெல்லா அசரோசா என்னும் செம்பாசி. அகார் தயாரிக்க அது பயன்படுகிறது. இப்பேரினத்தில் டெட்ராஸ்போரோபைட்டுகளே பெரும்பாலும் பதிவாகியுள்ளன. பாலினத் தாவரங்கள் காணப்படுவது மிக அரிது. பற்றிப் படர்ந்த அடிப்பகுதியிலிருந்து துளிர்த்தே இது பெரிதும் மீள்கிறது. மாதத்தில் 12 நாட்கள் மட்டும் பறிப்பது என அப்பெண்கள் தமக்குத்தாமே வகுத்துக்கொண்ட கட்டுப்பாடு அத்துளிர்ப்புக்கு இடம் விடுகிறது. மரபணு ஆய்வுக்காக அங்கிருந்து மாதிரி எடுப்போர், பாசியின் உருவத்தோடு அது பறிக்கப்பட்ட பாறையின் ஆழத்தையும், அடி விடப்பட்டதா என்பதையும், கடைசியாகப் பறித்த நாளையும் அப்பெண்களிடமே கேட்டுக் குறிக்க வேண்டும்.